திங்கட்கிழமைக்கு ஒரு ஷாக் அப்சார்பர்

மஹிந்திரா தார் வாங்கியவர்களுக்கு மூன்றாம் மாதம் ஒரு வியாதி வரும். வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது. பின்சீட்டில் உட்கார்ந்து வந்த அம்மா, இனி எனக்கு பஸ்ஸே போதும் என்று சொல்லிவிடுகிறார். மனைவி ஒன்றும் சொல்லாமல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். அன்று ராத்திரியே யூடியூபைத் திறந்து ஷாக் அப்சார்பர் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று கலர் கலராக ஷாக்குகள், பக்கத்தில் குட்டி சிலிண்டர் ஒட்டியவை, பாலைவன மணலில் பறக்கும் வண்டிகள். காலையில் எனக்கு வாட்ஸ்அப் வரும்: "அண்ணா, எது போடலாம்ங்க?"

இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இந்த முறை நீளமாகவே எழுதிவிடுகிறேன். நான் பேசப்போவது வாரம் முழுக்க ஆபீஸ், ஸ்கூல், மார்க்கெட் என்று ஓடிவிட்டு, எப்போதாவது ஒரு ஞாயிறு ஆற்றுப் படுகையிலோ எஸ்டேட் பாதையிலோ இறங்கும் வண்டிகளைப் பற்றி. போட்டிக்குப் போகிறவர்கள் இத்தோடு மன்னிக்க வேண்டும், உங்கள் கதை வேறு.

முதலில், வாங்க வேண்டுமா என்று பார்ப்போம். பொள்ளாச்சிப் பக்கம் ஜீப் வேலையே பார்த்து முடி நரைத்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். யார் போய் "ஷாக் போச்சுங்கண்ணா" என்றாலும் அவர் ஷாக்கைப் பார்க்கமாட்டார். காற்று அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு டயர் பக்கம் போவார். "ஷாக்கக் குத்தஞ் சொல்லாதீங்க தம்பி. காத்து எவ்ளோ அடிச்சிருக்கீங்கன்னு மொதல்ல சொல்லுங்க." பஞ்சர் கடையில் கேட்காமலே நாற்பது அடித்து அனுப்பியிருப்பார்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறது, அதில் எவ்வளவு என்று போட்டிருக்கிறது. அந்த அளவுக்கு இறக்கிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு வியாதி அங்கேயே தீர்ந்துவிடும். காசு செலவில்லாத வைத்தியம் என்பதால்தான் இதை யாரும் நம்புவதில்லை.

அதே மனிதர் செய்து காட்டிய இன்னொரு சோதனை. மேடு பள்ளமான ரோட்டில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் விடாமல் ஓட்டிவிட்டு வந்து, வண்டியை நிறுத்தியதும் கீழே குனிந்து நாலு ஷாக்கின் உடம்பிலும் புறங்கையை மெதுவாக வையுங்கள். வேலை செய்த ஷாக் சூடாக இருக்கும். மூன்று சூடாக இருந்து ஒன்று மட்டும் ஜில்லென்றிருந்தால் அது செத்துப்போனது. பம்பரை அழுத்தி ஆட்டிப் பார்க்கும் பழைய சோதனை இந்த மாதிரி கனமான வண்டிகளில் சரியாகத் தெரியாது, அதுவும் பட்டை ஸ்பிரிங் வண்டியில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தை நிறுத்திவிடும். ஷாக்கின் மேல் பாதியில் எண்ணெய் வழிந்து, அதில் புழுதி ஒட்டிச் சேறு மாதிரி ஈரமாக இருந்தால் சீல் போய்விட்டது. டயரைச் சுற்றிக் கையால் தடவும்போது மேடும் குழியுமாகத் தட்டுப்பட்டால் ரொம்ப நாளாகவே போயிருக்கிறது என்று அர்த்தம். இவை எதுவுமே இல்லையென்றால் ரப்பர் புஷ்களைப் பாருங்கள். கடகடவென்று வரும் சத்தத்துக்குப் பல நேரம் காரணம் அதுதான்.

சரி, இதெல்லாம் பார்த்தாகிவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும். இப்போது ஷாக் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பேசிவிடலாம், ஏனென்றால் தப்பான ஷாக் வாங்குகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங். குழியில் இறங்கும்போது முதல் அடியை வாங்கிக்கொள்வதும் ஸ்பிரிங்தான். அடி வாங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளும், அந்தத் துள்ளலைப் பிடித்து நிறுத்துவது ஷாக். உள்ளே எண்ணெய், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகள், ஓட்டைகளை மூடியபடி மெல்லிய எஃகுத் தகடுகள். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்த ஓட்டைகள் வழியே பிதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. அதில் துள்ளல் சூடாக மாறி வெளியே போய்விடுகிறது. ஆகவே "பின்பக்கம் தணிஞ்சிடுச்சு, ஷாக் மாத்தணும்" என்று யாராவது சொன்னால், அவருக்கு வேண்டியது ஸ்பிரிங்.

அந்த மெல்லிய தகடுகளில்தான் கம்பெனிகளின் கைவண்ணம் எல்லாம் இருக்கிறது. வண்டியின் வேகம் வேறு, பிஸ்டனின் வேகம் வேறு என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதி புரிந்த மாதிரி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது பிஸ்டன் மெதுவாக நகர்கிறது, விநாடிக்குப் பத்து சென்டிமீட்டர்கூட இருக்காது. பிரேக் அடித்தால் மூக்கு குத்துவதும் இப்படி மெதுவான அசைவுதான். அதே வண்டி டவுனுக்குள் முப்பதில் போகும்போது கவனிக்காமல் விட்ட குழியில் இறங்கினால் பிஸ்டன் விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் பாய்கிறது. மெதுவான அசைவில் கெட்டியாகப் பிடிக்க வேண்டும், வேகமான அடியில் விட்டுக்கொடுக்க வேண்டும். நல்ல ஷாக் இரண்டையும் செய்யும். மட்டமான "ஹெவி ட்யூட்டி" ஷாக் இரண்டிலும் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும். கையால் அழுத்திப் பார்த்து "நல்லா டைட்டா இருக்கு" என்று வாங்கி வருவது அந்த வகையைத்தான்.

இனி, ஆஃப்ரோடு ஷாக் என்றால் கெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை. இதை எங்கிருந்து பிடித்தோம் என்றே தெரியவில்லை.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியலுக்கு முன்னால் ஏறும் ஜீப்புகளில் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும். பாறையும் பள்ளமுமாகக் கிடக்கும் அந்தப் பாதையில் ஜீப் நடை வேகத்தில் ஊர்கிறது. தினம் தினம் அதே பாதையில் ஏறி இறங்கும் பட்டை ஸ்பிரிங் மஹிந்திரா வண்டிகள் அவை. குட்டி சிலிண்டர் வைத்த ஷாக் போட்ட வண்டி ஒன்றுகூட அங்கே என் கண்ணில் பட்டதில்லை. காரணம் வறுமை மட்டும் இல்லை. நடை வேகத்தில் ஷாக்குக்குப் பெரிய வேலையே கிடையாது, எண்ணெய் சூடாவதும் இல்லை. அங்கே வேண்டியது சக்கரம் எவ்வளவு தூரம் கீழே இறங்குகிறது என்பதுதான். அந்தரத்தில் தொங்கும் சக்கரம் வண்டியைத் தள்ளாது, சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரம் தரையைத் தேடி இறங்க ஷாக் நீளமாக இருக்க வேண்டும், திரும்பி விரியும்போது பிடித்து இழுக்காமல் விட வேண்டும். கெட்டி ஷாக் செய்வது இதற்கு நேர் எதிர்.

கெட்டியான, சூடு தாங்கும் ஷாக் எங்கே வேண்டும்? ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் ரோடு 660 கிலோமீட்டர், பெரும்பகுதி சரளை மண். வரிவரியாக அலை பிடித்த அந்த ரோட்டில் கூடாரம், தண்ணீர், டீசல் எல்லாம் ஏற்றிக்கொண்டு எண்பதில் ஓட்டினால் ஒவ்வொரு சக்கரமும் விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் குதிக்கும். மணிக்கணக்கில் அப்படிக் குதித்தால் எண்ணெய் கொதிக்கிற நிலைக்கு வரும், நுரை தட்டும், நுரைத்த எண்ணெயால் எதையும் பிடித்து நிறுத்த முடியாது. மெல்போர்னில் தொடங்கிய ஏ.ஆர்.பி. கம்பெனியின் ஓல்ட் மேன் எமு மாதிரியான பெயர்களெல்லாம் இந்த மாதிரி ரோடுகளில் அடிபட்டு வந்தவை. தனி சிலிண்டர் வைப்பது எண்ணெயின் அளவைக் கூட்டி, சூட்டைத் தணிக்க. மெக்சிகோவின் பாஹா பந்தயத்துக்கு அது இல்லாமல் முடியாது. அவிநாசி ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற வண்டிக்கு அது நகை. நகை போட ஆசை என்றால் நான் தடுக்கமாட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது பார்க்க.

ஆக, நம் ஊர் ஞாயிற்றுக்கிழமை கேட்பது நீளம், திங்கட்கிழமை கேட்பது உள்ளே இருக்கும் தகடுகளின் பதம். இரண்டும் மோதிக்கொள்வதே இல்லை. தினசரி ரோட்டுக்கு ஏற்ற பதத்தில், வண்டிக்கு ஏற்ற முழு நீளத்தில் ஒரு ஷாக் வாங்கினால் ஞாயிறும் சுகமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக் கெட்டியாக வாங்கியவர்களுக்கு வாரத்தின் ஏழு நாளும் குலுக்கல்தான்.

அடுத்தது எடை. முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டினால் ஓர் ஆள் எடை, சில செட்டுகளில் அதற்கு மேலும், முன் ஆக்சிலுக்கும் முன்னால் நிரந்தரமாகத் தொங்குகிறது. மேலே கேரியர், அதில் ஏணி, பின்னால் ஜெர்ரி கேன், டூல் பெட்டி. இந்த வண்டிக்கு வேண்டிய ஸ்பிரிங்கும் ஷோரூமிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்கு வேண்டிய ஸ்பிரிங்கும் ஒன்றாக இருக்க முடியாது. அதனால்தான் நல்ல கம்பெனிகள் ஸ்பிரிங்கை எடைக்குத் தகுந்தபடி இரண்டு மூன்று ரகமாகப் பிரித்து விற்கின்றன. ஒரு நாள் வின்ச் போடலாம் என்று கனவு கண்டு கனமான ஸ்பிரிங் வாங்கிவிட்டு, வின்ச் போடாமலே வருஷக்கணக்கில் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு "இந்த பிராண்ட் ஷாக் சரியில்லை" என்பவர்களை எனக்குத் தெரியும். ஷாக் பாவம். ஸ்பிரிங்கை முடிவு செய்த பிறகுதான் ஷாக், அதுவும் கூடுமானவரை அதே கம்பெனி அந்த ஸ்பிரிங்குக்கென்று சேர்த்துக் கொடுப்பது.

வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு: நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங், ஒரு டன் பக்கம்தான் எடை. அந்தப் பட்டைகள் வண்டியின் எடைக்கு ஏற்கெனவே அதிகம், உரசலே பாதி ஷாக் வேலையைச் செய்துவிடுகிறது. அதன் மேல் கெட்டி ஷாக் போட்டால் இடுப்பு எலும்பு எண்ணலாம். துரு எடுத்து, பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் வைத்து, பட்டையின் நுனியில் இருக்கும் ஷாக்கிள் புஷ்களை மாற்றிவிட்டு, மென்மையான ஷாக் போடுங்கள். ஜிம்னியில் முன்னும் பின்னும் ஒற்றை ஆக்சில், காயில் ஸ்பிரிங், ஷாக் தனியாக நிற்கிறது. மாற்றுவதும் எளிது, தேர்வு செய்ய சாமானும் நிறைய.

2020 அக்டோபரில் வந்த தார்தான் சிக்கல். முன்பக்கம் சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன், காயிலுக்குள்ளேயே ஷாக். ஒற்றைப் பின் ஆக்சில், குட்டையான வீல்பேஸ். முன்சக்கரம் இறங்கிய குழியில் பின்சக்கரமும் உடனே இறங்கிவிடுவதால் ஆட்டம் முழுக்க அடங்காது. எந்த ஷாக் போட்டாலும் தார் இன்னோவா ஆகாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு பர்ஸைத் திறங்கள். ஸ்கார்ப்பியோ-என், தார் ராக்ஸ் வைத்திருப்பவர்கள் அவசரப்படவே வேண்டாம். வேகமான, சின்னச் சின்ன அதிர்வுகளுக்குத் தானாகவே வழிவிடும் எஃப்.டி.டி. ஷாக்குகளை மஹிந்திரா அவற்றில் கொடுத்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு ஊர்பேர் தெரியாத கெட்டி ஷாக் மாட்டுவது, காசு கொடுத்துப் பின்னோக்கிப் போவது.

ட்வின் ட்யூபா, மோனோ ட்யூபா என்று ஒரு முடியாத சண்டை உண்டு. ட்வின் ட்யூபில் குழாய்க்குள் குழாய், பிஸ்டன் உள்குழாயில் ஓடுகிறது. மோனோவில் ஒரே குழாய், அதன் அடியில் தனி பிஸ்டனால் பிரித்து அடைத்த நைட்ரஜன். பிரெஞ்சுக்காரரான கிறிஸ்டியன் பூர்சியே த கார்போனின் வடிவமைப்பை எடுத்து பில்ஸ்டைன் கம்பெனி 1950-களில் மெர்சிடஸ் கார்களுக்குக் கொண்டுபோனது. மோனோ சூட்டைச் சீக்கிரம் இறக்கும், கைக்கு உடனடியாகப் பதில் சொல்லும், நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர்களுக்கு அது பிடிக்கும். இரண்டு விஷயம் யோசியுங்கள். ஒன்று, பிஸ்டன் வெளிக்குழாயின் உள்சுவரிலேயே ஓடுவதால் ஆற்றுப் பாறை ஒன்று பட்டு நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ட்வின் ட்யூப் அந்த நசுங்கலோடு வீடு வந்து சேரும். இரண்டு, அந்த நைட்ரஜன் அழுத்தம் ஒவ்வொரு மூலையிலும் ஏறக்குறைய 25 முதல் 40 கிலோ வரை வண்டியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். கனமான வண்டிக்கு அது தெரியாது. ஜிப்ஸி, ஜிம்னி மாதிரி எடை குறைந்த வண்டியில் சின்ன மேடுகள் சுருக்கென்று தெரியும். என் ஓட்டு, தினசரி ஓடுகிற, மாதம் ஒருமுறை பாறையில் இறங்குகிற வண்டிக்கு, குறைந்த அழுத்தத்தில் காஸ் அடைத்த தடிமனான ட்வின் ட்யூப். ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் கேப்ரியல் மாதிரியான நம் ஊர்ப் பெயர்களையும் இளக்காரமாகப் பார்க்காதீர்கள். பல வண்டிகளில் கம்பெனியே போட்டு அனுப்புவது அவர்களுடையதுதான், கூடலூரில் நின்றுபோனாலும் மாற்று கிடைக்கும்.

திருகி மாற்றிக்கொள்ளும் அட்ஜஸ்டபிள் ஷாக்? முதல் வாரம் எல்லோரும் குனிந்து குனிந்து திருகுவார்கள். பிறகு ஒரு எண்ணில் நின்றுவிடும், திருகி துருப்பிடித்துவிடும்.

நீளம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வண்டியை உயர்த்துகிறவர்கள் காயிலுக்கு மேல் ஒரு கட்டையை வைத்து இரண்டு இன்ச் ஏற்றிவிட்டு, ஷாக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஜிம்னி மாதிரி ஷாக் தனியாக இருக்கும் வண்டியில், சக்கரம் கீழே தொங்கும்போது மொத்த ஆக்சிலையும் பிடித்து நிறுத்துவது அந்தக் குட்டை ஷாக்தான், அது கழன்று கையோடு வரும். தார் மாதிரி முன்பக்க அமைப்பில் கட்டையை மேலே வைத்தால் டிரைவ் ஷாஃப்ட்டும் பால் ஜாயின்டும் கம்பெனி நினைக்காத கோணத்துக்குப் போகும். எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. ரொம்ப நீளமான ஷாக் போட்டால், பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடும் முன்பே ஷாக் உள்ளுக்குள் அடிமட்டத்தில் இடிக்கும். இரண்டையும் தவிர்க்க, பட்டறையில் ஒரு பக்கச் சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு ஒரு அளவு, மறுபக்கத்தை பம்ப் ஸ்டாப் வரை ஏற்றி ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்கள். வாங்கப்போகும் ஷாக்கின் முழு விரிவு முதல் அளவைவிட நீளமாகவும், முழுச் சுருக்கம் இரண்டாம் அளவைவிடக் குட்டையாகவும் இருக்க வேண்டும். பிரேக் ஹோஸ் எட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். சட்டம் ஒன்றும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019-ல் அதை உறுதியும் செய்தது. தேய்ந்த ஷாக்குக்குப் பதில் அதே அளவில் வேறு ஷாக் போடுவதும் வண்டியை உயர்த்துவதும் ஒன்று இல்லை. இன்ஷூரன்ஸ்காரர் ஒரு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு வருவார்.

நல்ல ஷாக் வாங்கி மாட்டும் இடத்தில் கெடுப்பதுதான் வயிற்றெரிச்சல். பக்கத்தில் நின்று பாருங்கள், கூச்சப்படாதீர்கள். மேல் நட்டை முடுக்கும்போது ஷாக்கின் பிஸ்டன் கம்பியும் சேர்ந்து சுற்றும். சில பையன்கள் சட்டென்று பைப் ரெஞ்சை எடுத்து அந்தப் பளபளக்கும் கம்பியைக் கவ்விப் பிடிப்பார்கள். அதில் விழும் ஒரு கீறல் போதும், ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் எண்ணெய் கசியும், பழி பிராண்டுக்குப் போகும். கம்பியின் தலையில் பிடிப்பதற்கென்றே தட்டையான இடமோ அறுகோணக் குழியோ கொடுத்திருப்பார்கள், அங்கே பிடிக்கச் சொல்லுங்கள். ட்வின் ட்யூப் ஷாக் பெட்டியில் படுத்த வாக்கில் வந்திருக்கும். மாட்டும் முன் அதை நிமிர்த்திப் பிடித்து மெதுவாக அழுத்தி, மெதுவாக இழுத்து, சில தடவை செய்ய வேண்டும். முதல் இழுப்பில் நடுவில் ஓர் இடம் வெறுமையாக நழுவும், உள்குழாயில் புகுந்த காற்று அது. நாலைந்து தடவையில் அந்த நழுவல் போய்விடும், இழுப்பு முழுக்க ஒரே கனமாக வரும். அதன் பிறகுதான் மாட்ட வேண்டும்.

இன்னும் ஒன்று, முக்கால்வாசிப் பட்டறைகள் செய்யாதது. கீழ் புஷ் போல்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போதே முழுக்க முடுக்கிவிடுகிறார்கள். வண்டி கீழே இறங்கியதும் அந்த ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திருகப்படுகிறது. சீக்கிரம் கிழியும், அதுவரை வண்டியும் விறைப்பாக இருக்கும். போல்டைத் தளர்வாக விட்டு, வண்டியை நாலு சக்கரத்தில் இறக்கி, ஒரு முறை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, தரையில் நிற்கும் நிலையில் இறுதி முடுக்கு. ஐந்து நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான். பிறகு வீல் அலைன்மென்ட், சில நூறு கிலோமீட்டர் கழித்து எல்லா நட்டையும் இன்னொரு முறை.

இதற்கு மேலும் எது போடலாம் என்று கேட்க நினைப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். வழக்கமாக ஏற்றுகிற சாமான், வழக்கமாக வருகிற ஆட்கள், பாதி டேங்க் டீசலோடு பக்கத்தில் இருக்கும் எடை மேடைக்குப் போங்கள். முன் ஆக்சிலை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பின் ஆக்சிலை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள். லாரிக்காரர்கள் வரிசையில் நின்று சிரிப்பார்கள், பரவாயில்லை. அந்த இரண்டு சீட்டின் படத்தையும், தினமும் எந்த ரோட்டில் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாமல் நான் சொல்லும் பிராண்ட் பெயருக்கும் யூடியூப் சொல்லும் பெயருக்கும் வித்தியாசமே கிடையாது.